கரும்பொருள்: எடை போட்டாயிற்று, ஆளைத்தான் காணோம்

கேள்வி மூன்று பாகமாக வந்திருக்கிறது. பிரபஞ்சத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் 'டார்க் மேட்டர்', அதாவது கரும்பொருள் என்கிறார்களே, யாரும் பார்க்காத ஒன்றை எப்படி எடை போட்டார்கள்? கணக்கு உதைத்ததும் ஒட்டுப் போட்டு மூடியதுதானே இது, ஈர்ப்பு விதியே தப்பாக இருக்கக் கூடாதா? நிஜமாகவே இருந்தால் இத்தனை வருடம் தேடியும் ஏன் சிக்கவில்லை?

'அங்கே ஏதோ இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு' என்பது ஒரு கேள்வி. 'அது எதனால் ஆனது' என்பது வேறு கேள்வி. முதலாவதை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து வழிகளில் அளந்திருக்கிறார்கள்; விடை கிட்டத்தட்ட ஒன்றாகவே வருகிறது. இரண்டாவதற்கு இன்றுவரை விடை இல்லை. செய்திகள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்குவதில்தான் பாதிக் குழப்பம். மீதிக் குழப்பம் பெயரால் வந்தது. கருப்பாக இருப்பது ஒளியை விழுங்கும், பின்னால் இருப்பதை மறைக்கும். இது ஒளியை விழுங்குவதுமில்லை, உமிழ்வதுமில்லை. ஒளி இதற்குள் புகுந்து தன் பாட்டுக்குப் போகிறது. 'காணாப்பொருள்' என்று பெயர் வைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். பெயர் நிலைத்துவிட்டது, இனி மாற்ற முடியாது.

எடை போடும் முறைக்கு வருவோம். சூரியக் குடும்பத்தில் புதன் விநாடிக்கு 47 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது, பூமி 30, நெப்டியூன் வெறும் 5.4. நிறை முழுவதும் நடுவில் இருந்தால் தள்ளிப் போகப்போக வேகம் இப்படித்தான் விழ வேண்டும். நெப்டியூன் புதனைவிட 78 மடங்கு தள்ளி இருக்கிறது. 78-இன் வர்க்கமூலம் 8.8, 47-ஐ 8.8-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட அந்த 5.4 வந்துவிடும். இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் வேகத்திலிருந்து நிறை கிடைக்கும்: வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தால் பெருக்கி ஈர்ப்பு மாறிலியால் வகுக்க வேண்டும். வேகத்தைக் கி.மீ./விநாடியிலும் தூரத்தைக் கிலோபார்செக்கிலும் வைத்துக்கொண்டால் மாறிலியின் மதிப்பு 4.3 × 10⁻⁶. விடை நேராகச் சூரிய நிறைகளில் வரும். ஒரு கிலோபார்செக் என்பது சுமார் 3,260 ஒளியாண்டு.

கேலக்ஸிக்கு, அதாவது கோடிக்கணக்கான விண்மீன்கள் தட்டு போலத் திரண்டு சுழலும் கூட்டத்துக்கு, இதைச் செய்ய முதலில் சரியான கேலக்ஸியைப் பொறுக்க வேண்டும். தட்டு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தால் நம்மை நோக்கிய வேகமே இருக்காது. முழுக்க விளிம்பு காட்டினால் பல தூரங்களிலிருந்து வரும் ஒளி ஒரே பார்வைக்கோட்டில் குவியும், தூசி வேறு மறைக்கும். ஓரளவு சாய்ந்தது வேண்டும். சாய்வைத் தட்டின் தோற்றத்திலிருந்தே எடுக்கலாம்: குறுக்களவு நீளவாட்டில் பாதி என்றால் சாய்வு சுமார் 60 பாகை. பிறகு நீளவாட்டில் நிறமாலைமானியின் (ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் கருவி) பிளவை வைத்து, ஹைட்ரஜனின் 656.28 நானோமீட்டர் சிவப்புக் கோடு எங்கே விழுகிறது என்று ஒவ்வோர் இடத்திலும் அளக்க வேண்டும். ஒரு பக்கம் நம்மை நோக்கி வருகிறது, மறுபக்கம் விலகுகிறது; அதற்கேற்பக் கோடு இடம் நகரும். 220 கி.மீ./விநாடி வேகத்துக்குக் கோடு நகரும் அளவு 0.48 நானோமீட்டர். மொத்தக் கேலக்ஸியும் விலகிப் போகும் வேகத்தைக் கழித்து, மீதியைச் சாய்வின் சைன் மதிப்பால் வகுத்தால் உண்மையான சுழற்சி வேகம்.

விண்மீன்கள் தீர்ந்துபோன வெளிவட்டத்துக்கு ரேடியோ தொலைநோக்கி வேண்டும். அங்கே குளிர்ந்த ஹைட்ரஜன் வாயு இருக்கிறது; அது 1,420.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. அதே 220 கி.மீ. வேகத்துக்கு அலைவரிசை ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸ் நகரும். ரேடியோவில் அது தாராளமான அளவு, தவறவிட வாய்ப்பே இல்லை.

வேகம் 220-லேயே மட்டமாக நிற்கும் ஒரு கேலக்ஸியை எடுத்துக்கொள்வோம். 10 கிலோபார்செக்கில்: 220 × 220 × 10 ÷ 0.0000043. விடை சுமார் 11,000 கோடி சூரியன்கள். 30 கிலோபார்செக்கில் அதே கணக்கு 34,000 கோடி தரும். இந்த இரண்டுக்கும் நடுவே விண்மீன் ஒளி ஏறக்குறைய இல்லை, வாயுவும் சொற்பம். ஆனால் 23,000 கோடி சூரியன்களின் நிறை கூடியிருக்கிறது. அமெரிக்க வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970-இல் ஆண்ட்ரோமீடா கேலக்ஸியில் பார்த்தது இந்த மட்டமான கோட்டைத்தான். ஆல்பர்ட் போஸ்மா 1978-இல் ரேடியோவில் இன்னும் வெளியே போய் அதையே பல கேலக்ஸிகளில் காட்டினார்.

இதில் தப்பு எங்கே வரும்? சாய்வில்தான் பெரிய தப்பு வரும். உண்மையில் 35 பாகை சாய்ந்ததை 30 என்று எடுத்துவிட்டால், நிறை வேகத்தின் வர்க்கமாகப் போவதால், விடை 32 சதவீதம் ஏறிவிடும். நடுவே விண்மீன் பட்டை இருந்தால் ஓட்டம் வட்டமாக இருக்காது. வெளி வாயுத்தட்டு வளைந்திருந்தால் சாய்வே இடத்துக்கு இடம் மாறும். ரேடியோ தொலைநோக்கியின் பார்வை மொழுக்கையாக இருந்தால் மையத்தில் வேகம் ஏறும் பகுதி மழுங்கிப்போகும். இவை எல்லாம் சேர்ந்தாலும் பத்துக்கு மூன்று என்ற அளவில்தான் தப்பு. மூன்று மடங்கு, ஐந்து மடங்கு தப்பாக முடியாது. அதுவும் ஆயிரக்கணக்கான கேலக்ஸிகளில் ஒரே திசையில் தப்பாகவே முடியாது.

கேலக்ஸிகள் ஆயிரக்கணக்கில் கூடி வாழும் கொத்துகளில் இதைவிட முன்பே தெரிந்தது. ஃபிரிட்ஸ் ஸ்விக்கி 1933-இல் கோமா கொத்தில் கேலக்ஸிகள் விநாடிக்கு ஆயிரம் கி.மீ. அளவில் அலைவதைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியும் நிறையால் இவற்றைக் கட்டிவைக்க முடியாது என்றார். அவர் போட்ட எண் மிக மிகை. பிரபஞ்சம் விரியும் வேகத்தைச் சொல்லும் ஹபிள் மாறிலி அன்று 558 என்று இருந்தது, இன்றைய மதிப்பு 70-ஐ ஒட்டி. அந்த ஒரு தப்பே எட்டு மடங்கு. கொத்தை நிரப்பிக் கிடக்கும் கோடிக்கணக்கான பாகை வெப்பமுள்ள வாயுவும் அவருக்குத் தெரியாது, அது எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிகள் வந்த பிறகுதான் தெரிந்தது. விண்மீன்களைவிட அந்த வாயு பல மடங்கு எடை. எண்ணைத் திருத்தி, வாயுவையும் சேர்த்த பிறகும், கொத்தின் மொத்த நிறையில் அணுக்களால் ஆன சாதாரணப் பொருள் ஏறத்தாழ ஆறில் அல்லது ஏழில் ஒரு பங்குதான். மிச்சம் அங்கேயும் இடிக்கிறது.

இந்த 'ஆறில் ஒன்று' என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்த அளவீட்டில் கேலக்ஸியும் இல்லை, சுழற்சியும் இல்லை. பிரபஞ்சம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டில் வெளிவந்த ஒளி இன்று 2.725 கெல்வின் மைக்ரோ அலையாக எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது; இதைப் பின்னணி ஒளி என்பார்கள். அதன் வெப்பநிலை இடத்துக்கு இடம் லட்சத்தில் ஒரு பங்கு அளவில் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. அன்று ஒளியும் சாதாரணப் பொருளும் ஒட்டிக் கிடந்தன: ஈர்ப்பு உள்ளே இழுக்கும், ஒளியின் அழுத்தம் வெளியே தள்ளும், ஒலி அலை போல அதிர்ந்துகொண்டிருந்தன. கரும்பொருளுக்கு ஒளியோடு ஒட்டு உறவு இல்லாததால் அது அதிரவில்லை, பள்ளத்தில் சும்மா குவிந்துகொண்டே போனது. இந்த அதிர்வுகளை அளவு வாரியாகப் பிரித்து வரைந்தால் வரிசையாகச் சிகரங்கள் வரும். முதல் சிகரம் வானத்தில் ஏறத்தாழ ஒரு பாகை அகலத்தில். சாதாரணப் பொருள் கூடினால் ஒற்றைப்படைச் சிகரங்கள் உயரும், இரட்டைப்படை தாழும். கரும்பொருள் இல்லாவிட்டால் மூன்றாவது சிகரம் இரண்டாவதைவிட நன்றாகத் தாழ்ந்திருக்க வேண்டும். அளந்து பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம். இந்த ஒளியை அளந்த பிளாங்க் செயற்கைக்கோளின் 2018 முடிவுகளின்படி சாதாரணப் பொருள் 4.9 சதவீதம், கரும்பொருள் 26.5-ஐ ஒட்டி, மீதி கரும் ஆற்றல், அதாவது பிரபஞ்சத்தின் விரிவை வேகப்படுத்தும் இன்னொரு புதிர். கரும்பொருள் சாதாரணப் பொருளைப் போல் 5.4 மடங்கு. அதாவது சாதாரணம் ஆறில் ஒன்றுக்குச் சற்றே குறைவு. கொத்தில் எடை போட்டதும் இங்கே அதிர்வில் படித்ததும் ஒன்றையொன்று அறியாத கணக்குகள்.

சாதாரணப் பொருளின் 4.9 சதவீதத்துக்குத் தனிச் சாட்சியும் உண்டு. பிரபஞ்சத்தின் முதல் சில நிமிடங்களில் உண்டான டியூட்டீரியத்தின், அதாவது கன ஹைட்ரஜனின், அளவு, அன்று எவ்வளவு அணுப்பொருள் இருந்தது என்பதைக் கறாராகக் காட்டிக்கொடுக்கும். தொலைதூர வாயு மேகங்களில் அளந்த அளவு, லட்சம் ஹைட்ரஜனுக்கு இரண்டரை டியூட்டீரியம். அதிலிருந்து வரும் விடையும் பிளாங்க் சொல்வதும் பொருந்துகின்றன. 'கரும்பொருள் என்பது ஒளிராத சாதாரணப் பொருளாக, அணைந்த விண்மீன்களாக இருக்கலாமே' என்பவர்களுக்கு இதுதான் பதில். அணுவால் ஆன எதுவானாலும் இந்தக் கணக்கில் அகப்பட்டிருக்கும்.

என் பார்வையில் எல்லாவற்றிலும் பலமான வாதம் அதிகம் பேசப்படாத ஒன்று. 3,80,000 ஆண்டில் மேடு பள்ளம் லட்சத்தில் ஒன்று. அதன்பின் பிரபஞ்சம் 1,100 மடங்கு விரிந்திருக்கிறது. பொருளின் சிறு ஏற்றத்தாழ்வுகள் ஏறத்தாழ அதே விகிதத்தில்தான் வளரும். லட்சத்தில் ஒன்றை 1,100-ஆல் பெருக்கினால் நூற்றில் ஒன்று. நூற்றில் ஒரு பங்கு அடர்த்தி வித்தியாசத்தில் ஒரு கேலக்ஸி கூடத் திரண்டிருக்காது. நாம் இருக்கிறோம் என்பதே, ஒளியின் தள்ளலுக்கு அகப்படாத ஏதோ ஒன்று முன்கூட்டியே குவிந்து பள்ளம் தோண்டி வைத்திருந்தது, சாதாரணப் பொருள் பிறகு அதில் போய் விழுந்தது என்று சொல்கிறது.

இப்போது ஈர்ப்பு விதி. 1983-இல் மோர்டெஹாய் மில்க்ரோம், முடுக்கம் விநாடி வர்க்கத்துக்கு 1.2 × 10⁻¹⁰ மீட்டருக்குக் கீழே போனால் நியூட்டன் விதி மாறுகிறது என்று முன்மொழிந்தார். மோண்ட் என்று அழைக்கப்படும் இதைக் கிறுக்குத்தனம் என்று ஒதுக்குபவர்கள் அதைச் சரியாகப் படித்ததில்லை. அந்த ஒரே எண்ணை வைத்துக்கொண்டு, தெரியும் பொருளை மட்டும் கணக்கில் எடுத்து, ஏராளமான கேலக்ஸிகளின் சுழற்சியை அது சரியாகச் சொல்கிறது. மட்டமான வேகத்தின் நான்காம் அடுக்கு சாதாரண நிறைக்கு நேர் விகிதம் என்பது அதிலிருந்து தானாக விழும். வானமும் அப்படியே இருக்கிறது. கரும்பொருள் பக்கத்தில் நிற்பவர்கள் இந்த ஒழுங்கு ஏன் என்று இன்னும் திருப்தியாக விளக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் கேலக்ஸியை விட்டு வெளியே வந்தால் மோண்ட் தள்ளாடுகிறது. கொத்துகளில் அதைப் போட்ட பிறகும் ஏறத்தாழ இரண்டு மடங்கு நிறை தேவைப்படுகிறது. புல்லட் கொத்தில், ஒன்றோடொன்று மோதிய இரண்டு கொத்துகளின் வாயு நடுவில் இடித்துத் தேங்கி நிற்கிறது. நிறை ஒளியை வளைக்கும்; பின்னணிக் கேலக்ஸிகளின் உருவம் எங்கே வளைகிறது என்று பார்த்து 2006-இல் வரைந்த நிறை வரைபடமோ, வாயுவைத் தாண்டி இரு பக்கமும் போய்விட்ட கேலக்ஸிகளோடு நிற்கிறது. சாதாரணப் பொருளில் பெரும்பங்கு வாயு. ஈர்ப்பு மட்டும் மாறியிருந்தால் வளைவு வாயுவைச் சுற்றி இருந்திருக்க வேண்டும். 2017 ஆகஸ்ட் 17 அன்று 13 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியபோது ஈர்ப்பு அலைக்கு 1.7 விநாடி கழித்துக் காமாக் கதிர் வந்தது; இரண்டும் ஒரே வேகம் என்று அது காட்டியதில் மாற்று ஈர்ப்புக் கொள்கைகளில் பல அன்றே விழுந்தன. 2021-இல் ஸ்கோர்டிஸும் ஸ்லோஸ்னிக்கும் பின்னணி ஒளியோடும் பொருந்தும் மோண்ட் வடிவம் ஒன்றைக் கட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், அதில் சேர்த்த புதிய புலம் தொடக்கப் பிரபஞ்சத்தில் கரும்பொருளைப் போலவேதான் நடந்துகொள்கிறது.

இவ்வளவு இருந்தால் நம் பக்கத்திலும் இருக்க வேண்டுமே? இருக்கிறது, ஆனால் மிக மெலிசாக. சூரியனின் சுற்றுப்புறத்தில் கரும்பொருளின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.3 கிகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களை எடை போடும் அலகு), கிராமில் 5.3 × 10⁻²⁵. பூமியின் முழுக் கன அளவுக்கும் பெருக்கிப் பாருங்கள்: ஏதாவது ஒரு கணத்தில் பூமிக்குள் இருக்கும் கரும்பொருள் மொத்தம் சுமார் 580 கிராம். நெப்டியூன் வரை உள்ள கோளத்தில் எல்லாம் சேர்த்தால் 50 கி.மீ. அகலமுள்ள ஒரு சிறுகோளின் எடை. கோள்களின் பாதையில் அது தெரியாததற்கு இதுவே காரணம். கேலக்ஸியில் விண்மீன்களுக்கு நடுவே வெற்றிடம் பிரம்மாண்டமாக இருப்பதால் அங்கே அது ஜெயிக்கிறது.

மெலிசானாலும் ஓட்டம் குறைவில்லை. துகள் ஒன்றின் நிறை புரோட்டானைப் போல் நூறு மடங்கு என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 220 கி.மீ. வேகத்தில், ஒரு சதுர சென்டிமீட்டரை விநாடிக்கு அறுபதாயிரத்துக்கு மேற்பட்டவை கடக்கும். அவற்றில் ஏதாவது ஒன்று எப்போதாவது ஓர் அணுக்கருவை இடித்தால் பிடித்துவிடலாம் என்பதுதான், செனான் வாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கி நிரப்பிய கருவிகளின் யோசனை. இப்போது முன்னணியில் இருப்பது அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், பழைய தங்கச் சுரங்கத்தில், சுமார் 1.5 கி.மீ. ஆழத்தில் உள்ள லக்ஸ்-செப்லின். உயரமும் அகலமும் ஒன்றரை மீட்டர் உள்ள தொட்டியில் 7 டன் செனான், மேலும் கீழுமாக 494 ஒளிப்பெருக்கிக் குழாய்கள். இடி விழுந்ததும் ஒரு சின்ன புற ஊதா மின்னல். கூடவே கழன்ற எலக்ட்ரான்களை மின்புலம் மேலே இழுத்து, மேலே இருக்கும் செனான் வாயுவுக்குள் புகுத்தும்போது இரண்டாவதாக ஒரு பெரிய மின்னல். இரண்டுக்கும் நடுவே உள்ள நேரம் ஆழத்தைச் சொல்லும், அதிகபட்சம் ஒரு மில்லிவிநாடி. மேல் குழாய்களில் ஒளி விழுந்த வடிவம் குறுக்குவாட்டு இடத்தைச் சொல்லும். இரண்டாவது மின்னலுக்கும் முதலாவதுக்கும் உள்ள விகிதம் இடிபட்டது அணுக்கருவா எலக்ட்ரானா என்று சொல்லும்; கரும்பொருள் அணுக்கருவை இடிக்கும், கதிரியக்கக் குப்பை பெரும்பாலும் எலக்ட்ரானை இடிக்கும்.

உண்மையான வேலை அந்தக் குப்பையோடுதான். மேலே உள்ள பாறை வானிலிருந்து வரும் மியூவான் என்ற ஊடுருவும் துகள்களைப் பத்து லட்சம் மடங்குக்கு மேல் குறைத்துவிடும். ஆனால் ரேடான் என்ற கதிரியக்க வாயு உள்ளேயே பிறக்கிறது: உலோகம், கேபிள், பசை, ஒட்டியிருக்கும் தூசு எல்லாவற்றிலிருந்தும் கசியும். அதன் வழித்தோன்றலான ஈயம்-214 சிதையும்போது சில நேரம் காமாக் கதிர் இல்லாமல் வெறும் எலக்ட்ரானை மட்டும் விடும். அதைக் குப்பை என்று கண்டுபிடிப்பது கஷ்டம். சந்தையில் கிடைக்கும் செனானில் கதிரியக்கமுள்ள கிரிப்டான்-85 கலந்திருக்கும். கரித்தூள் பத்தி வழியே ஓட்டியோ குளிரில் காய்ச்சி வடித்தோ எடுக்க வேண்டும். துளி ஆக்சிஜன் இருந்தாலும் மேலே போகும் எலக்ட்ரான்களை அது விழுங்கிவிடும், இரண்டாவது மின்னல் மங்கும். அதனால் செனானை ஓயாமல் சுற்றவிட்டுச் சூடான உலோகச் சுத்திகரிப்பான் வழியே அனுப்புகிறார்கள். தொட்டிச் சுவரை ஒட்டி நடந்த எதையும் கணக்கில் சேர்ப்பதில்லை, நடுவில் உள்ள ஐந்தரை டன் மட்டுமே. ஆய்வாளர்களின் ஆசை கண்ணை மறைக்காமல் இருக்கத் தரவில் போலி நிகழ்வுகளையும் ரகசியமாகக் கலந்து வைக்கிறார்கள். 2024-இல் வெளியான 280 நாள் தரவில் ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட துகள் இருந்தால் அது நியூட்ரான் அல்லது புரோட்டான் ஒன்றோடு மோதும் பரப்பு, நாற்பது புரோட்டான் எடையை ஒட்டிய துகளுக்கு, 2 × 10⁻⁴⁸ சதுர சென்டிமீட்டரை மீற முடியாது என்பது கிடைத்த எல்லை. அதே ஆண்டில் இத்தாலியின் செனான்-என்டி, சீனாவின் பாண்டா-எக்ஸ் என்ற இதே வகைக் கருவிகள், சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் (ஏறக்குறைய எதனோடும் மோதாத மிக லேசான துகள்கள்) செனானை இடிக்கும் தடயத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டன. இனி உணர்திறன் கூடக்கூட அந்த நியூட்ரினோ மூட்டத்துக்குள்தான் தேட வேண்டும்.

நடுவில் பொய் விடியல்களும் உண்டு. 2020-இல் செனான்-என்டியின் முன்னோடியான செனான்-1டி குறைந்த ஆற்றலில் எதிர்பாராத மிகையைக் கண்டது. ஆக்ஸியான் என்ற இன்னும் பிடிபடாத துகளா, கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியமா என்று வாதம். 2022-இல் அதைவிடச் சுத்தமான செனான்-என்டியில் அந்த மிகை இல்லை. இத்தாலியின் டாமா சோதனையோ இருபது வருடத்துக்கு மேலாக, சோடியம் அயோடைடு படிகங்களில் ஜூன் தொடக்கத்தில் ஏறி டிசம்பரில் இறங்கும் அலையைக் காட்டி வந்தது. காரணம் யோசிக்கக்கூடியதே: ஜூனில் பூமியின் வேகம் சூரியனின் வேகத்தோடு சுமார் 15 கி.மீ. கூடுகிறது, எதிரே வரும் துகள்கள் கூடுதலாக இடிக்கும். அதே படிகத்தை வைத்து ஸ்பெயினில் அனைஸும் தென் கொரியாவில் கொசைனும் தேடின, அலை இல்லை.

கனமான துகளே இல்லாமலும் போகலாம். ஆக்ஸியான் என்பது எலக்ட்ரானைவிடக் கோடிக்கணக்கான மடங்கு லேசானது. வலுவான காந்தப்புலத்தில் மைக்ரோ அலையாக மாறக்கூடும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உள்ள ஏடிஎம்எக்ஸ் செய்வது ரேடியோவில் நிலையம் தேடுவதுதான்: குளிர்ந்த உலோகக் குழியின் அலைவரிசையைத் தண்டை நகர்த்திக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது, ஒவ்வோர் இடத்திலும் நின்று 10⁻²³ வாட் அளவிலான முனகல் கேட்கிறதா என்று காத்திருப்பது. எந்த நிலையம் என்று தெரியாததால் வேலை மெதுவாகத்தான் நகரும். நியூட்ரினோ இந்தப் போட்டியில் இல்லை. அது லேசாகவும் வேகமாகவும் இருப்பதால் சிறு கட்டமைப்புகளை அழித்துவிடும்.

கரும்பொருளைத் தவிர வானியலில் விடை கிடைக்காத மற்ற மர்மங்களில் லித்தியம் ஒன்று: தொடக்க நிமிடங்களின் கணக்கு, பழைய விண்மீன்களில் தெரிவதைப் போல் மூன்று மடங்கு லித்தியம்-7 சொல்கிறது. சாதாரணப் பொருளின் எதிர்ப்பிம்பமான எதிர்ப்பொருள் எங்கே போனது என்பது இன்னொன்று. இப்போது சூடாக இருப்பது ஹபிள் மாறிலி: பிளாங்கின் பின்னணி ஒளியிலிருந்து 67.4, அருகிலுள்ள, சீராகத் துடிக்கும் செஃபீட் விண்மீன்களையும் சூப்பர்நோவா என்ற விண்மீன் வெடிப்புகளையும் கொண்டு படிப்படியாக அளந்தால் 73. வேறு வகை விண்மீன்களைப் படியாக வைத்த ஒரு குழுவுக்கு 70-ஐ ஒட்டி வருகிறது. இதைப் புதிய இயற்பியல் என்று சொல்ல எனக்கு அவசரமில்லை. தூரப் படிக்கட்டில் ஒரு படி வழுக்கியிருக்கலாம்.

கரும் ஆற்றலில், கேலக்ஸிகளை வரைபடமிடும் டெசி குழு 2025 மார்ச்சில் சொன்னதையும் அதே நிதானத்தோடு படிக்க வேண்டும். கேலக்ஸிகளின் பரவலில் பதிந்த அந்தப் பழைய ஒலி அலையின் நீளத்தை அளந்து, கரும் ஆற்றல் காலப்போக்கில் வலு குறைகிறதோ என்று அவர்கள் கேட்கிறார்கள். கண்டுபிடிப்பு என்று அறிவிக்க இந்தத் துறையில் 5 சிக்மா வேண்டும், அதாவது தற்செயலாக வர 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. டெசியின் எண், எந்தச் சூப்பர்நோவாப் பட்டியலைக் கூடச் சேர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, 2.8-இலிருந்து 4.2 வரை ஆடுகிறது.